இடது முழங்கால், உட்பக்கம்

ஊர்க் கால்பந்து அணி தோற்றாலும் ஜெயித்தாலும் அதன் ரசிகர் பேரவை மட்டும் தோற்றதே கிடையாது. பதினோரு வருடங்களில் அது சொன்ன முன்கணிப்பு ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. கேட்பவருக்குச் சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் பதிவேடு இருக்கிறது. முன்கூட்டியே மனுக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

சூட்சுமம் ‘எனினும்’ என்ற சொல்லில் இருந்தது. பேரவையின் கணிப்புகள் எல்லாமே இந்த அச்சில்தான் வரும்: “நமது அணி சனிக்கிழமை நிச்சயம் வெல்லும், எனினும் தோல்வியைத் தவிர்க்க இயலாது.” ஆட்டம் முடிந்ததும் செயலாளர் பொய்த்துப்போன பாதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆட்டம் டிராவில் முடிந்தால் இரண்டு பாதியுமே பாதி பாதி பலித்ததாக அர்த்தம். அந்த வாரக் கூட்டத்தில் பிஸ்கட் உண்டு.

கூட்டம் நடப்பது செயலாளரின் ஜெராக்ஸ் கடை மாடியில். சொந்தமாக மிஷின் வைத்திருக்கிற மனிதர் செயலாளராக வாய்த்தால் என்ன ஆகும்? படிவங்கள் பெருகும். யூகத்துக்கு மஞ்சள் தாள், எதிர்பார்ப்புக்கு ரோஸ் தாள், ஆதங்கத்துக்குப் பச்சை. ஆதங்கம் மட்டும் இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். மூலையில் ஒரு டி.வி. உண்டு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் சத்தம் வைக்க மாட்டார்கள். ஆட்டத்தைப் பற்றிய விவாதத்துக்கு ஆட்டம் இடைஞ்சலாக இருக்கிறது என்று மூன்று வருடங்களுக்கு முன்பே தீர்மானம் போட்டாயிற்று.

தலைவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் டி.வி.க்கு முதுகைக் காட்டியபடிதான் உட்காருவார்.

“நான் ஆட்டம் பார்த்து மூணு வருஷம் ஆச்சு. பார்த்தா ஒருத்தன்மேல பிரியம் வந்துடும், இன்னொருத்தன்மேல கோபம் வந்துடும். அப்புறம் மதிப்பீடு எப்படி நடுநிலையா இருக்கும்? நம்ம பேரவைக்கு இருக்குற மரியாதையே பார்க்காம சொல்றோம்கிறதுதான்.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். உறுப்பினர்கள் கைதட்டுவார்கள்.

இந்தப் பேரவையில் டயர்க்காரர் ஏழு வருட உறுப்பினர். பகலில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்ப்பார். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தே, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். மாடியில் அவர் இடம் தண்ணீர் கேனுக்குப் பக்கத்து நாற்காலி. ஏழு வருடத்தில் இரண்டு தடவை வாய் திறந்திருக்கிறார். ஒரு தடவை “நாற்காலி பத்தல” என்றார்; இன்னொரு தடவை “ஃபேனைக் கொஞ்சம் குறைக்கவா?” என்றார். இரண்டும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கின்றன.

பேரவையின் பதினான்காம் விதிப்படி அவர் அங்கே இருக்கவே கூடாது. ஆட்டக்காரரின் உறவினர் யாரும் உறுப்பினராக இருக்கலாகாது என்பது அந்த விதி. அவர் சேர்ந்தபோது குற்றம் ஒன்றுமில்லை. ஐந்து வருடம் கழித்து அவர் மனைவியின் தம்பி அணியில் லெஃப்ட் பேக்காகச் சேர்ந்தான். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. சனிக்கிழமை ஆனால் போய் உட்கார ஒரு நாற்காலி, ‘வாங்க’ என்று சொல்ல நாலு பேர். அதை விட மனசு வரவில்லை. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

மைத்துனன் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் வீட்டுக்கு வருவான். அக்காவுக்கும் அவனுக்கும் பதிமூன்று வயது வித்தியாசம். தாய் மாதிரி வளர்த்தவள். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது டயர்க்காரர்தான். முழங்கால் வலி தொடங்கிய அந்த மாதத்தில் அவன் வந்ததும் சோபாவில் காலை நீட்டிவிடுவான். அக்கா வெந்நீர் கொண்டுவருவாள். டயர்க்காரர் ஒத்தடம் கொடுத்து, கிரேப் பாண்டேஜை இறுக்கமாகச் சுற்றிவிடுவார்.

“எங்க வலிக்குது?”

“இடது முழங்கால், உட்பக்கம். சில்லுக்கு மூணு விரல் கீழ, அத்தான். ஓடும்போதுகூடத் தெரியல. மாடிப்படி இறங்கினாத்தான் உயிர் போகுது. பக்கவாட்டுல திரும்பித்தான் இறங்குறேன்.”

“டாக்டர்கிட்டக் காட்டினியா?”

“வெளியில ஒருத்தர்கிட்டக் காட்டினேன். ஆறு வாரம் ஓய்வு குடுத்தா சுத்தமாச் சரியாயிடும்னு சொன்னார். இன்னும் நாலு ஆட்டம்தான் இருக்கு. ரெண்டு வருஷ ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில கையெழுத்தாகுது. அது முடிஞ்சதும் லீவுதானே, அப்ப பார்த்துக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, அத்தான். உங்க பேரவை ஆளுங்க காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன்.”

“எனக்கு எதுக்குடா அந்தப் பேச்செல்லாம்? நான் அங்க வாயே திறக்கிறதில்ல,” என்றார் டயர்க்காரர். அது உண்மைதான், அடுத்த சனிக்கிழமை வரைக்கும்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டக்காரர் மதிப்பு நிர்ணயக் கூட்டம். வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நாற்பது தலைப்புகளில் மதிப்பெண் போட வேண்டும். பேட்டியில் பணிவு, தோல்விக்குப் பின் முகபாவம், முடி, கோல் போட்டபின் ஓடும் திசை என்று போகும் பட்டியலில் முப்பத்தெட்டாவது தலைப்பு ‘ஆட்டம்’. கணக்கு டியூஷன் எடுக்கும் ஒருவர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி சொல்வார். அவரைப் ‘புள்ளிவிவரம்’ என்றே கூப்பிடுவார்கள். அன்றைக்கு உள்ளூர் டி.வி. தொகுப்பாளரும் வந்திருந்தார். ஆறு மணிச் செய்திக்கு அவருக்கு ஏதாவது வேண்டும்.

தொகுப்பாளருக்கும் பேரவைக்கும் பழைய உறவு. கோல்கீப்பரை விற்கப்போகிறார்கள் என்று பேரவை மஞ்சள் தாளில் யூகித்தால், டி.வி.யில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ என்று வரும். டி.வி.யிலேயே வந்துவிட்டது என்று பேரவை அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். தொகுப்பாளர் அணி மேலாளரைக் கேட்பார். மேலாளர் கருத்துச் சொல்ல மாட்டார். ‘மேலாளர் மறுக்கவில்லை’ என்று டி.வி. சொல்லும். ‘மேலாளர் ஒப்புக்கொண்டார்’ என்று பேரவை தீர்மானம் போடும். கடைசியில் கோல்கீப்பர் தானே பயந்துபோய் வேறு அணி தேட ஆரம்பிப்பார். இதற்குப் பெயர் துல்லியமான கணிப்பு.

மூன்று மணி நேரம் கழித்து லெஃப்ட் பேக்கின் முறை வந்தது. டயர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைத்துனனுக்கு நூற்றுக்கு எழுபத்திரண்டு விழுந்தது. முடிக்கு மட்டும் பத்துக்குப் பத்து. ஐம்பதுக்கு மேல் வந்தாலே ‘தொடரத் தக்கவர்’. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

“ஒரு நிமிஷம். எதிர்க்கருத்து பதிவாகலயே,” என்றார் செயலாளர்.

ஒன்பதாம் விதி அது. ஒரு எதிர்க்கருத்தாவது இல்லாவிட்டால் மதிப்பீடு செல்லாது. எதிர்க்கருத்துக்கென்றே பேக்கரிக்காரர் ஒருவர் இருந்தார்; எந்தப் பெயரைச் சொன்னாலும் எழுந்து நின்று ‘எனக்கு உடன்பாடில்லை’ என்பார். அன்றைக்குப் பார்த்து அவர் பல்வலி தாங்காமல் பாதியில் எழுந்து போயிருந்தார். தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை தண்ணீர் கேனில் வந்து நின்றது.

“நீங்க சொல்லுங்க டயர்க்காரரே. சும்மா பதிவுக்குத்தான்.”

முடி நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கலாம். செருப்புப் பிடிக்கவில்லை என்றாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அப்படி ஏதோ சொல்லத்தான் அவரும் எழுந்து நின்றார். அதற்குள் புள்ளிவிவரம் சிரித்தார்.

“அவரா? காத்தடிக்கிறதைப் பத்திக் கேளுங்க, சொல்லுவார். ஆட்டத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?”

இருபத்தேழு பேர் சிரித்தார்கள். தொகுப்பாளரும் சிரித்தார். டயர்க்காரருக்குக் காது சூடேறியது. வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரம் பார்த்துச் சும்மா இருக்க வேண்டாமா?

“பையன் இடது பக்கம் இழுக்குறான்,” என்றார்.

சிரிப்பு நின்றது.

“அப்படின்னா?”

“முழங்கால். இடது முழங்கால், உட்பக்கம். சில்லுக்கு மூணு விரல் கீழ. ஓடும்போது சமாளிச்சிருவான். படி இறங்கச் சொல்லிப் பாருங்க, நேரா இறங்க மாட்டான். பக்கவாட்டுலதான் இறங்குவான்.”

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பதினோரு வருடத்தில் அந்த அறையில் யாரும் இவ்வளவு நிச்சயமாக எதையும் சொன்னதில்லை. செயலாளர் எந்தக் கலர் தாள் என்று தெரியாமல் முழித்தார்.

“இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார் தொகுப்பாளர். அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

“பின்னால நின்னு பார்த்தாத் தெரியும்,” என்றார் டயர்க்காரர். “இருபது வருஷமா இதுதானே என் வேலை.”

எழுந்து வந்து ஒருவர் கை கொடுத்தார். இன்னொருவர் தன் நாற்காலியை இழுத்து முன்வரிசையில் போட்டார். புள்ளிவிவரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு “அண்ணே” என்றார். ஏழு வருடத்தில் முதல் தடவை. அந்த ஐந்து நிமிடம் டயர்க்காரருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்க் கதையாகிவிடும். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் தவறி வந்துவிட்டது என்றாவது தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சந்தோஷத்துக்கு என்ன சாக்குச் சொல்வது?

தொகுப்பாளர் கிளம்ப எழுந்தபோதுதான் புத்தி வந்தது.

“எனினும்,” என்றார் டயர்க்காரர் அவசரமாக, “ஆறு வாரம் ஓய்வு குடுத்தா சுத்தமாச் சரியாயிடும். அதையும் எழுதிக்குங்க.”

“எனக்கு ஒரு வரி போதும் சார்,” என்றார் தொகுப்பாளர் படியிறங்கிக்கொண்டே.

செயலாளர் எழுதத்தான் எழுதினார். பிறகு யோசித்துவிட்டு, பின்பாதியைச் சிவப்பு மையால் அடித்தார். “இவ்வளவு தெளிவான கணிப்புக்கு எனினும் எதுக்குங்க? அழகையே கெடுக்குது.”

ஆறு மணிக்கு டி.வி.யில் வந்தது. மைத்துனன் ஓடுகிற படத்தை நிறுத்தி, முழங்காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். முதலில் வலது காலில் போட்டுவிட்டார்கள். பேரவை பச்சைத் தாளில் இரண்டு பிரதி ஆதங்கம் தெரிவித்த பிறகு, எட்டு மணிச் செய்தியில் இடது காலுக்கு மாற்றினார்கள். சொன்னவர் பெயர் வரவில்லை. ‘பேரவையின் மூத்த ஆய்வாளர் ஒருவர்’ என்றார்கள். டயர்க்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அணைக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

“இது எப்படிங்க வெளிய போச்சு?”

“தெரியலயே,” என்றார்.

நான்காம் நாள் அணி மேலாளர் பேட்டி கொடுத்தார்.

“டி.வி.யைப் பார்த்து முடிவெடுக்கிற நிர்வாகம் இல்ல நாங்க. எங்களுக்குன்னு மருத்துவக் குழு இருக்கு. முழங்காலைப் பாருங்கன்னு அவங்ககிட்டச் சொன்னோம். ஏன் சொன்னோம்னா, டி.வி.யில வந்துச்சு. பார்த்தாங்க, இருந்துச்சு. ஓய்வு குடுத்தா சரியாயிடும்னுதான் டாக்டர் சொல்றார். ஆனா ரசிகர்கள் மனசுல அந்தச் சிவப்பு வட்டம் விழுந்துடுச்சே, அதை எந்த டாக்டர் சரி பண்ணுவார்? ஆட்டக்காரரோட மதிப்புங்கிறது கால்ல இல்லீங்க, பேச்சுல இருக்கு.”

ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. இருபத்தாறு வயதுப் பையன், மூட்டை முடிச்சோடு அணி விடுதியிலிருந்து வெளியே வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்து சோபாவில் காலை நீட்டினான். டயர்க்காரர் ஒத்தடம் கொடுத்தார். பிறகு பாண்டேஜைக் கையில் எடுத்தார்.

“டீம்ல மசாஜ் பண்றவர்தான் சொல்லியிருப்பார், அத்தான். கை வெச்சப்பவே கண்டுபிடிச்சிருப்பார். என்கூட எவ்வளவு நல்லாப் பழகினார் தெரியுமா? முகத்துக்கு நேராக் கேட்டுட்டேன். இல்லவே இல்லன்னு சத்தியம் பண்றார். நான் நம்பல. பேச்சை விட்டுட்டேன்.”

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு அப்பாவி மேல் பழி விழுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் டயர்க்காரர் பாண்டேஜின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். 

“எந்தப் பாவியோ, அவன் நாக்கு அழுகிப் போக,” என்றாள் மனைவி. “நீங்க அந்தப் பேரவையிலதானே இருக்கீங்க? அந்த மூத்த ஆய்வாளர் யாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரக்கூடாதா?”

“கேக்குறேன்,” என்றார் அவர்.

பேரவையில் கொண்டாட்டம் தாங்கவில்லை. கணிப்பு முதல் முறையாக முழுசாகப் பலித்துவிட்டது. டயர்க்காரருக்கு ‘கூர்நோக்காளர்’ என்று பட்டமும் கேடயமும் தரத் தீர்மானம் போட்டார்கள். அவர் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். மரியாதையை மறுப்பதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதோடு மருத்துவச் சான்றிதழ் இணைக்க வேண்டும், சரிபார்க்க வீட்டுக்கு இரண்டு பேர் வருவார்கள் என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்தால் சுவரில் மைத்துனனின் படம் மாட்டியிருக்கிறது. போனார்.

வாடகை மண்டபத்தின் வாசலில் பேனரைப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அணியிலிருந்து அனுப்பப்படுகிற ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பேரவை நன்றி விழா எடுப்பது வழக்கம். அனுப்பவைத்ததும் தாங்களே என்பதால், நன்றியையும் தாங்களே சொல்வதுதான் முறை என்பது தலைவரின் கருத்து. இரண்டு விழாவுக்கு இரண்டு தடவை மண்டபம் எடுப்பானேன் என்று ஒன்றாகப் போட்டுவிட்டார்கள்.

மேடையில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். அத்தானைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. தனக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். லேசாகத் தலையசைத்தான். டயர்க்காரருக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து மேடையில் ஏற்றி, தலைவருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“இந்தத் தம்பிக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். இவர் முழங்கால் இல்லன்னா எங்க பேரவைக்கு இன்னைக்கு இந்தப் பெருமை இல்ல. இவர் ஆட்டத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அதனாலதான் மனசார வாழ்த்த முடியுது.”

கைதட்டல் எழுந்தது. செயலாளர் பாராட்டுப் பத்திரத்தை எடுத்தார். நடவடிக்கைக் குறிப்பிலிருந்து ஒரு வார்த்தை குறையாமல் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார்.

“‘இடது முழங்கால், உட்பக்கம். சில்லுக்கு மூன்று விரல் கீழே. ஓடும்போது சமாளித்துவிடுவார். படி இறங்கும்போது நேராக இறங்க மாட்டார், பக்கவாட்டில்தான் இறங்குவார்.’ இப்படித் தன் கூர்ந்த பார்வையால் கண்டறிந்த எங்கள் மூத்த ஆய்வாளர், டயர்க்காரர் அவர்கள்...”

மைத்துனன் நிமிர்ந்தான். மைதானத்தில் மாடிப்படி கிடையாது. விடுதி அறையும் மசாஜ் அறையும் கீழ்த்தளம்தான். அவன் பக்கவாட்டில் இறங்கும் மாடிப்படி ஒன்றே ஒன்று, அக்கா வீட்டுப் படி. டயர்க்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்து வருகிற பார்வை கன்னத்தில் உறைத்தது. உடம்பு கூசி, நாற்காலியோடு சுருங்கிப் போனார்.

கேடயத்தை விடைபெறும் ஆட்டக்காரர் கையால் வழங்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். மைத்துனன் எழுந்து வந்தான். மேடையில் அவன் நடை கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது. கேடயத்தை நீட்டினான், டயர்க்காரர் வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர் இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்.

தலைவர் உற்சாகமாக அவன் தோளைத் தட்டினார். “தம்பிக்கு இவரை முன்னமே பழக்கம் உண்டா?”

டயர்க்காரர் அவன் வாயையே பார்த்தார். ஒரு சொல் போதும். ‘அத்தான்’ என்று அவன் மைக்கில் கூப்பிட்டால் பதினான்காம் விதி, பட்டம், நாற்காலி எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். கூப்பிட்டுவிட மாட்டானா என்றுகூட அவருக்கு ஏக்கமாக இருந்தது. கூப்பிட்டால் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டாவது பாரத்தை இறக்கிவைக்கலாம்.

“இல்லீங்க,” என்றான் மைத்துனன். “இவரை எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

படிக்கட்டில் அவன் நேராக இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகவே இறங்கிப் போனான்.

கேடயத்தை டயர்க்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடையில் பழைய டியூப் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் வர மாட்டான் என்றுதான் நினைத்தார். வந்தான். வழக்கம்போல் சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினான். மசாஜ் பண்ணுகிறவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். டயர்க்காரர் வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவன் காலடியில் வந்து உட்காரப் போனார்.

“வேணாம், குடுங்க,” என்று பாண்டேஜை அவர் தோளிலிருந்து எடுத்துக்கொண்டான். குரலில் கோபம் இல்லை. “நானே கட்டிக்கிறேன்.”

“உனக்கு இறுக்கமாக் கட்டத் தெரியாதேடா, அத்தானே கட்டட்டும்,” என்றாள் அக்கா.

“பழகிக்கிறேன், அக்கா.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்த விழாவுக்குப் போனியே, அந்த ஆளைப் பார்த்தியா? யாருடா அவன்?”

மைத்துனன் பாண்டேஜை ஒரு சுற்றுச் சுற்றினான். அது தளர்ந்து நழுவியது. மறுபடி சுற்றினான்.

“யாரோ, அக்கா. நமக்குத் தெரிஞ்சவங்க இல்ல.”

டயர்க்காரர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைக்கவும் தோன்றவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.